மலையில் பழைய காருக்கு அசல் நிறம் பிடிப்பது

கோயம்புத்தூரில் கலக்கி, கடைக்குள்ளேயே சாம்பிளோடு ஒட்டிவைத்துப் பார்த்து, "அச்சு அசல் சார்" என்று மூடிக் கொடுத்த டின். மேட்டுப்பாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, குன்னூரில் வைத்து அடித்துப் பார்த்தால் புது மட்கார்டு நீலம் பாய்ந்த சாம்பலாகவும் பக்கத்துக் கதவு பழுப்பேறிய சாம்பலாகவும் நிற்கும். திட்டு வாங்குவது பெயின்டர். அவர்மேல் தப்பு இருப்பது அபூர்வம். பெரும்பாலும் தப்பு இரண்டு இடங்களில் இருக்கும்: கடைக்குக் கொடுத்த சாம்பிள் அசல் நிறமே இல்லை, அல்லது அதைப் பார்த்த வெளிச்சம் சரியில்லை. கலக்கும் மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த இரண்டையும் அது சரிசெய்யாது.

முதலில் வேலை எது என்று தெளிவாக வேண்டும். ஒரே ஒரு கதவை மட்டும் மாற்றி அடிப்பதாக இருந்தால், ஃபேக்டரி நிறத்தைத் தேடுவது வீண்வேலை. பக்கத்துப் பேனல் இன்று எப்படி வெளுத்திருக்கிறதோ அந்த நிறத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதிலும் ஓரங்களில் மெல்ல இறக்கி, அடுத்த பேனலுக்குள் கலந்து விட வேண்டும். முழு பாடியையும் உரித்து அடிப்பதாக இருந்தால்தான் ஃபேக்டரியிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிறம் என்ற கேள்வியே வரும். இந்த இரண்டுக்கும் ஒரே சாம்பிளைக் கொடுப்பதில்தான் பாதி குழப்பம் தொடங்குகிறது.

ஃபேக்டரி நிறம் என்பதும் ஒற்றைப் புள்ளி இல்லை. ஒரே பெயர், ஒரே எண் கொண்ட நிறத்திலேயே ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் சற்று வித்தியாசம் இருந்திருக்கும். அடுப்பில் சுடும் எனாமல் என்றால் சூடு கொஞ்சம் கூடினாலே வெள்ளை க்ரீம் பக்கம் சாயும். ஆகவே தேடுவது அந்த வண்டிக்கு அடித்த பெயின்டை. புத்தகத்தில் இருக்கும் ஒரு சதுரத்தை அல்ல.

எண் கிடைத்தால் நல்லது. இங்கிலாந்தில் செய்து வந்த மோரிஸ் மைனர், ஆஸ்டின் வண்டிகளுக்கு 1950களின் கடைசியிலிருந்து எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு: ஜி.என். 37 என்றால் ஆல்மண்ட் கிரீன், ஆர்.டி. 9 என்றால் டார்டன் ரெட், டபிள்யூ.டி. 3 என்றால் ஓல்டு இங்கிலீஷ் ஒயிட். இதில் ஒரு வேடிக்கை, ஸ்மோக் கிரே என்று பெயர் வைத்த நிறத்துக்குக் குறியீடு பி.யூ. 15, அதாவது நீல வரிசை. பெயரை மட்டும் நம்பி "கிரே" என்று கடையில் கேட்டவர் கையில் வேறு டின்தான் வரும். இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டுகளில் கடைசி இலக்கம் நிறக் குடும்பத்தைச் சொல்லும்: 2 சிவப்பு, 5 பச்சை, 6 நீலம், 9 வெள்ளை. 32 என்றால் சிக்னல் ரெட்.

ஆனால் உத்தர்பாராவில் செய்த அம்பாசடருக்கோ, பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட்டுக்கோ, சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ இந்த இங்கிலாந்து ஃபார்முலாவை அப்படியே பொருத்தக் கூடாது. பெயின்ட் வாங்கிய இடம் வேறு, பிக்மென்ட், அதாவது நிறப்பொடி, வேறு. நம் ஊர் வண்டிகளில் நிறக் குறியீடு பொறித்த தகடும் பெரும்பாலும் தொலைந்திருக்கும், இல்லை நாலு கோட்டிங் பெயின்டுக்கு அடியில் புதைந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் என்ற இடத்தில் "கிரே", "ப்ளூ" என்று ஒரே வார்த்தை இருக்கும். ஷேடு பிடிக்க உதவாது. ஆனால் வண்டி டாக்சியாக ஓடி வெள்ளையாக மாறியதா, பிறந்ததே வெள்ளையா என்று சந்தேகம் வந்தால் பழைய ஆர்.சி.யின் அந்த ஒரு வார்த்தை வழக்கைத் தீர்த்துவிடும்.

இனி சாம்பிள். நேரத்தைத் தாராளமாகச் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். மேல்புறமாக இருக்கும் பானெட், கூரை, டிக்கி மூடி எதுவும் வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் திறந்த வெளியில் நின்ற வண்டியின் கூரை சமவெளி வண்டியைவிட வேகமாக வெளுக்கும். சிவப்பும் அரக்கும் முதலில் போகும். வெயில் படாத இடம் தேட வேண்டும்: கதவின் உள் அட்டைக்குப் பின்னால், டிக்கி மேட்டுக்கு அடியில், பின்சீட்டின் கீழே, முன்கண்ணாடி பீடிங் ரப்பருக்குள், மீட்டர் போர்டைக் கழற்றினால் தெரியும் தகரத்தில், பானெட்டின் குரோம் எழுத்துக்கும் டெயில் லேம்ப்புக்கும் அடியில். எஞ்சின் அறைக்குள் எடுக்காதீர்கள், அங்கே சூட்டில் மஞ்சளித்திருக்கும். பேட்டரி பக்கம் ஆசிட் தின்றிருக்கும்.

வெயில் படாத இடத்து நிறம் அப்படியே அசல் என்றும் நினைக்க வேண்டாம். எண்ணெய் சேர்ந்த எனாமல், அதாவது ஆல்கிட், இருட்டில் மஞ்சளாகும். முப்பது வருஷம் கதவு அட்டைக்குப் பின்னால் இருந்த வெள்ளை க்ரீமாகத் தெரிவது இதனால்தான். நல்ல வேளையாக இந்த மஞ்சளில் பெரும்பகுதி வெளிச்சத்தில் திரும்பிப் போகும். கழற்றிய துண்டில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, சில நாள் ஜன்னலோர வெயிலில் வைத்து, இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள். திறந்த பாதி தெளிந்திருந்தால் அதைத்தான் சாம்பிளாகக் கொடுக்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ், நம் ஊரில் டூகோ என்றும் என்.சி. என்றும் சொல்வது, இதற்கு நேர் எதிர்: அது வெளிச்சத்தில் மஞ்சளாகும், வெயிலில் வைத்தால் இன்னும் கெடும். எந்த பெயின்ட் என்று தெரியாமல் வெயிலில் வைக்கக் கூடாது.

தெரிந்துகொள்வது சுலபம். வெள்ளைப் பஞ்சை என்.சி. தின்னரில் நனைத்து மறைவான இடத்தில் அரை நிமிஷம் அழுத்தித் தேய்த்தால், டூகோ கரைந்து பஞ்சில் நிறமாக ஏறும். காற்றில் காய்ந்த சிந்தெட்டிக் எனாமல் கரையாமல் சுருங்கித் தோல்போல எழும்பும். ஃபேக்டரி அடுப்பில் சுட்ட எனாமலும் பின்னாளில் அடித்த, இறுக்கும் ஹார்டனர் கலந்த டூ-கே பெயின்டும் அசையாது. அசையாத இந்த இரண்டையும் பிரிக்க அடுத்த சோதனை வேண்டும்.

அது, அடுக்குகளைத் திறந்து பார்ப்பது. ஒரு ரூபாய் அளவுக்கு இடம் எடுத்து, 600 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு நடுவில் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பிறகு 1000, 1500 என்று மாற்றி ஓரத்தைச் சரிவாக்குங்கள். ஒவ்வொரு கோட்டிங்கும் ஒரு வட்டமாக விரியும். வெளியிலிருந்து உள்ளே எண்ணாதீர்கள். இரும்பிலிருந்து வெளியே வாருங்கள். இரும்பை ஒட்டி ஒரு பிரைமர், அதன்மேல் இடையில் பட்டி எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் முதல் நிறம், அதுதான் ஃபேக்டரி நிறம். இரும்புக்கும் நிறத்துக்கும் நடுவே பட்டி இருந்தால் அந்த இடத்தில் டிங்கரிங் நடந்திருக்கிறது, அசல் அங்கே இல்லை. வேறு பேனலில் திறக்க வேண்டும். குறைந்தது மூன்று பேனலில் ஒரே வரிசை வந்தால் நம்பலாம். கதவோ பானெட்டோ வேறு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். எஸ்டேட் வண்டிகளில் அது சர்வ சாதாரணம்.

பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சையில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் உலர்ந்து தேய்க்கவே கூடாது, தண்ணீர் விட்டுத்தான். சேற்றைத் துணியில் துடைத்துத் தனியாகக் கட்டி வையுங்கள். கழுவிய தண்ணீரைக் கேரட் பாத்தி பக்கம் விடுகிறவர்களும் உண்டு, வேண்டாம்.

திறந்த வட்டம் மங்கலாக இருக்கும். மங்கிய பரப்பு எப்போதும் உள்ள நிறத்தைவிட வெளுப்பாகக் காட்டும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பு வந்த பிறகுதான் நிறத்தைப் பார்க்க வேண்டும், மெஷினிலும் வைக்க வேண்டும். வளைந்த பரப்பில் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மெஷின் சரியாக உட்காராது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் வெளிச்சம் நுழைந்து அளவு மாறும். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத தட்டையான இடம் வேண்டும். அதனால் குளோவ் பாக்ஸ் மூடி, பெட்ரோல் மூடியின் தகடு போன்ற கழற்றக்கூடிய துண்டைக் கீழே கொண்டுபோவதே மேல். ஒரே இடத்தில் ஒரு தடவை வைத்து எடுக்க விடாதீர்கள். மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி போடச் சொல்லுங்கள்.

சாம்பிளுக்கும் கலவைக்கும் நடுவே நிற வித்தியாசம் எவ்வளவு என்பதை மெஷின் டெல்டா ஈ என்று ஒரு எண்ணாகக் காட்டும். ஒன்றுக்குக் கீழே என்றால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். இந்த எண் 0.6 என்று வந்தும் குன்னூரில் நிறம் பிரிந்து நிற்பது எப்படி? எண் ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்துக்கானது, பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு) பகல் வெளிச்சம். 1960களின் சிவப்பும் மஞ்சளும் லெட் குரோமேட், மாலிப்டேட் ஆரஞ்சு போன்றவற்றால் ஆனவை. இன்று கடையில் நிறம் கலக்கப் பயன்படும் டின்டர்கள் பெரும்பாலும் ஆர்கானிக், அதாவது கார்பன் சேர்மங்களான, பிக்மென்ட்கள். இரண்டு வெவ்வேறு பிக்மென்ட் கூட்டணி ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, இன்னொரு வெளிச்சத்தில் பிரியும். பெயின்ட் உலகில் இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். சாம்பல், பழுப்பு, பச்சை கலந்த நிறங்களில்தான் இது அதிகம் கடிக்கும். ஏனென்றால் சாம்பல் நிறத்தை வெள்ளையும் கறுப்பும் மட்டும் வைத்தும் செய்யலாம், வெள்ளையோடு நீலமும் மஞ்சளும் சிவப்பும் கலந்தும் செய்யலாம்.

கடையில் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, எவ்வளவு குறைந்த டின்டர்களில் முடியுமோ அவ்வளவில் முடித்த ஃபார்முலா. மெஷின் நான்கைந்து ஃபார்முலா காட்டும், முதலில் வருவது விலை குறைந்ததாகவும் இருக்கலாம். இரண்டு, பகல் வெளிச்சத்தோடு குண்டு பல்பு வெளிச்சத்திலும் வித்தியாசம் எவ்வளவு என்ற எண். பல மெஷின்களில் அது இருக்கிறது, கேட்டால்தான் காட்டுவார்கள். கறுப்பு டின்டர் எது என்பதும் முக்கியம். கார்பன் பிளாக்கில் மெல்லிய ரகம் வெள்ளையோடு சேர்ந்தால் பழுப்புப் பக்கமும், பருத்த ரகமும் லேம்ப் பிளாக்கும் நீலப் பக்கமும் சாயும். பழைய கிரே ஒன்று "ஏதோ இடிக்கிறது" என்று தோன்றினால் பாதி சமயம் காரணம் இந்தக் கறுப்புதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். மலையில் வெளிச்சம் மணிக்கொரு தரம் மாறும். வானம் தெளிந்திருக்கும்போது நிழலில் நின்றால் வெளிச்சம் நீலம் தூக்கலாக இருக்கும், பத்தாயிரம் கெல்வின்வரைகூடப் போகும். மூடுபனியில் எல்லா நிறமும் அமுங்கி, இரண்டு சாம்பல்களுக்கு நடுவே வித்தியாசமே இல்லை என்று தோன்றும். அப்போது "மேட்ச் ஆயிடுச்சு" என்று முடிவெடுத்தவர்கள் மறுநாள் காலையில் வருந்துவார்கள். தேயிலைச் சரிவை ஒட்டிய ஷெட் என்றால் இன்னொரு சிக்கல்: சரிவிலிருந்து பச்சை வெளிச்சம் திரும்பி வந்து பளபளப்பான பேனல்மேல் விழும். வெள்ளையும் க்ரீமும் இதில் முழுசாக ஏமாற்றும்.

காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள், நேர் வெயில் படாமல், வடக்குப் பக்கம் திறந்த வாசலில் பாருங்கள். சாம்பிளுக்கும் அட்டைக்கும் பின்னால் நிறம் இல்லாத சாம்பல் நிறத் தாள் வையுங்கள். சிவப்பு ஸ்வெட்டர், மஞ்சள் சுவர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். நேராகவும், பக்கவாட்டில் சாய்த்தும், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு குண்டு பல்பின் கீழேயும். இரண்டிலும் நின்றால்தான் அது பொருத்தம். ஷெட்டில் தொங்கும் மலிவான எல்.இ.டி. சிவப்பைச் சரியாகக் காட்டாது, சி.ஆர்.ஐ., அதாவது நிறத்தை உண்மையாகக் காட்டும் திறன், 95க்கு மேல் உள்ள ஒன்றை வாங்கிவைத்தால் பல வருஷம் உதவும்.

டின்னுக்குள் இருக்கும் நிறத்தைச் சாம்பிளோடு ஒப்பிடுவது வீண். ஈர நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு. டெஸ்ட் அட்டை அடித்தே ஆக வேண்டும்: பாதி கறுப்பு, பாதி வெள்ளை உள்ள அட்டையில், வண்டிக்கு அடிக்கப்போகும் அதே ஸ்ப்ரே கன், அதே பிரஷர், அதே கோட்டிங் எண்ணிக்கையில். கறுப்பும் வெள்ளையும் தெரியாமல் மூடும்வரை எத்தனை கோட்டிங் ஆகிறது என்பதையும் அட்டை பின்னால் எழுதுங்கள். அதைவிடக் குறைவாக வண்டியில் அடித்தால் அடியில் உள்ள பிரைமர் நிறத்தை இழுக்கும். மஞ்சளும் தூய சிவப்பும் எளிதில் மூடாது. மஞ்சளுக்கு வெள்ளை, சிவப்புக்கு நடுத்தர சாம்பல் சர்ஃபேசர், அதாவது நிறத்துக்கு முந்தைய பூச்சு, அடியில் வேண்டும். ரெட் ஆக்சைடு பிரைமர் மேலேயே க்ரீம் அடித்தால் சந்தனம்தான் வரும்.

அட்டை பாதி காய்ந்திருக்கும்போது ஒரு மூலையை விரலால் தேயுங்கள். தேய்த்த இடம் நிறம் மாறித் தெரிந்தால் பிக்மென்ட் பிரிந்து மிதக்கிறது என்று அர்த்தம். சரியாகக் கலக்கவில்லை, அல்லது தின்னர் ஒத்துப்போகவில்லை. அந்த பெயின்டைக் கன்னில் அடித்தால் ஒரு நிறம், பின்னாளில் பிரஷ்ஷில் டச்சப் செய்தால் இன்னொரு நிறம் வரும்.

எந்த வகை பெயின்ட் என்பதிலும் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலானவை மெட்டாலிக் இல்லாத தனி நிறம், மேலே நிறமில்லாத கிளியர் கோட் கிடையாது. அதே நிறத்தை பேஸ் கோட்டாக அடித்து மேலே கிளியர் ஊற்றினால் ஷேடு சரியாக இருந்தாலும் ஆழம் கூடி, ஷோரூம் வண்டி மாதிரி கண்ணாடியாக மின்னும். பார்த்தவுடனே பொய் தெரியும். தினமும் ஓடும் வண்டிக்கு கிளியர் இல்லாத டூ-கே தனி நிறம், காய்ந்த பிறகு லேசாக காம்பவுண்ட் போட்டு அந்த மினுமினுப்பைக் குறைப்பது நல்ல வழி. டூகோவே வேண்டும் என்றால் எட்டு கோட்டிங் அடிக்கவும் அடிக்கடி பாலிஷ் போடவும் பொறுமை வேண்டும். மலை ஈரத்தில் அதற்கு இன்னொரு வியாதியும் உண்டு.

வியாதியின் பெயர் வெள்ளை பூப்பது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் தெளித்ததுபோல் வெளுக்கும். கறுப்பிலும் அரக்கிலும் பளிச்சென்று தெரியும். மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் ஐந்திலிருந்து பத்து சதவீதம் சேர்த்தால் தப்பலாம். வெளுத்த பிறகு அதையே மெல்லிய பனியாகத் தூவினால் பல சமயம் திரும்பி வரும். டூ-கே பெயின்டில் ஈரம் ஹார்டனரோடு வினை புரிந்து குமிழியும் மங்கலும் தரும். அதற்கு மருந்தே கிடையாது, தேய்த்துத் திரும்ப அடிப்பதுதான். காற்றின் சூட்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் சுமார் 13.4 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தத் தகரத்திலும் பனி படியும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பாடி காலை ஒன்பது மணிக்கு 12 டிகிரியில்தான் இருக்கும். தகரத்தின் சூடு அந்தப் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது மூன்று டிகிரி மேலே வரும்வரை கன்னைத் தொடாதீர்கள்.

கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை என்று இந்த நீலகிரி மாவட்டத்துக்கு இரண்டு பக்கமும் மழை. டிசம்பர், ஜனவரி பகல் தெளிவாக இருந்தாலும் ஊட்டியில் இரவு உறைபனி. மாலை மூன்று மணிக்கு அடித்த டூ-கே ராத்திரி குளிரில் வினை நின்றுபோய் மறுநாளும் ஒட்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை, காலை பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் கடைசிக் கோட்டிங் முடிப்பது நல்லது. வேகமான ஹார்டனர், மூடிய ஷெட், இரவில் நேரடிச் சுடர் இல்லாத ஹீட்டர். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிப்பது விளையாட்டில்லை, வெளிக்காற்று வரும் மாஸ்க் வேண்டும்.

உயரமும் கன்னுக்குள் புகுந்து வேலை காட்டும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். கம்ப்ரஸர் அதே சுற்று சுற்றினாலும் உள்ளே இழுப்பது மெல்லிய காற்று, அதனால் டாங்க் நிரம்ப நேரமாகும். பானெட் நடுவில் பிரஷர் இறங்கினால் துளி பருத்து, பெயின்ட் ஈரமாக விழும். தனி நிறத்தில் இது ஆரஞ்சுத் தோலாகத் தெரியும், மெட்டாலிக்கில் நிறமே கறுத்துப்போகும். கீழே ஓடிய அதே கம்ப்ரஸர் போதும் என்று நினைக்காமல் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். பிரஷரை டாங்க் மீட்டரில் பார்க்காமல், ட்ரிகரை அழுத்திக்கொண்டே கன் கைப்பிடியில் உள்ள மீட்டரில் பாருங்கள். 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாஸில், அதிகக் காற்று, குறைந்த அழுத்தம் என்ற வகையான எச்.வி.எல்.பி. கன்னுக்கு இரண்டு பார் போதும். கீழே மூடிய டின்னும் மேலே வந்தால் உப்பியிருக்கும்; மூடிமேல் துணி போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும்.

அம்பாசடர் அளவு வண்டிக்கு உள் ஓரங்களும் சேர்த்து, தின்னர் கலந்த பிறகு நான்கிலிருந்து ஐந்து லிட்டர் பிடிக்கும். முழுதையும் ஒரே நாளில் ஒரே பேட்சாகக் கலக்கச் சொல்லுங்கள். இரண்டு டின்களாக வந்தால் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிப் பிறகு திரும்பப் பிரியுங்கள், இரண்டாவது டின்னில் ஒரு துளி நீலம் கூடியிருந்தாலும் பிறகு அது எந்தப் பேனலிலும் தெரியாது. பாதி லிட்டரை ஹார்டனர் சேர்க்காமல் தனி டின்னில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். காலி இடம் இருந்தால் ஆடை கட்டும். திறந்த ஹார்டனர் டப்பாவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், இந்த ஈரக்காற்றில் அது சில வாரத்தில் கலங்கிக் கெட்டியாகிவிடும். டச்சப் வேண்டிய நாளில் புதிதாகச் சின்ன டப்பா வாங்கிக்கொள்ளலாம். ஃபார்முலா சீட்டும் டெஸ்ட் அட்டையும் இருட்டில் வைத்த காகித உறையில் இருக்கட்டும். நிறம் ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து மாறியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும், எஃப்.சி.க்குப் போகும் வயதுள்ள வண்டிக்கு அங்கேதான் முதல் கேள்வி வரும்.